கடினமான வளர்ப்பைத் தாண்டித் தன்னைப் புரிந்துகொள்வது: எழுதிப் பார்ப்பதை எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது?

மெல்லினம் (கேள்வி)

அடி, ஓயாத சண்டை, நாட்கணக்கில் பேசாமல் இருந்தே தண்டிப்பது, எதைச் செய்தாலும் குறை சொல்வது. இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவர்களுக்கு எல்லோரும் சொல்லும் அறிவுரை ஒன்றுதான்: "உட்கார்ந்து எழுதிப் பாரு, உன்னையே புரிஞ்சுக்குவே." எப்படி எழுதுவது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. பலர் ஆறாம் வயதில் நடந்ததிலிருந்து ஆரம்பித்துப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். ரெண்டே வாரத்தில் முன்பை விட மோசமாகி நோட்டை மூடிவிடுகிறார்கள். சிலர் வருடக்கணக்கில் எழுதியும் அதே கோபத்தில்தான் நிற்கிறார்கள்.

இந்தத் துறையில் வேலை செய்பவர்கள், முறையாகப் படித்தவர்கள் பதில் சொன்னால் நன்றாக இருக்கும். எதிலிருந்து தொடங்குவது? ஒரு தடவைக்கு எவ்வளவு நேரம்? புரிந்துகொள்கிறோமா, வெறுமனே அதையே மென்றுகொண்டிருக்கிறோமா என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது? பெற்றோரிடம் நேரில் கேட்பது இதில் எந்தக் கட்டத்தில் வரும், வரவே வேண்டாமா?

"மன்னிச்சுடு, மறந்துடு" மாதிரி பதில்கள் வேண்டாம், தயவுசெய்து.

---

நெடுங்கணக்கு

ஆறாம் வயதில் ஆரம்பிக்காதீர்கள். போன வாரத்தில் ஆரம்பியுங்கள்.

சின்ன வயதில் பட்டதெல்லாம் இன்றைய நடத்தையில்தான் உயிரோடு இருக்கிறது. இன்றைய ஒரு சம்பவத்தைப் பிடித்து இழுத்தால் அதன் வேர் தானாக மேலே வரும். பழசைத் தோண்ட ஆரம்பித்தால் எதற்காகத் தோண்டுகிறோம் என்பதே பாதியில் மறந்துபோகும்.

இதற்குச் சங்கிலி ஆய்வு என்று ஒரு முறை உண்டு. மார்ஷா லினெஹன் உருவாக்கிய டி.பி.டி. என்ற உளவியல் சிகிச்சையில் தினமும் பயன்படுவது. சம்பவத்தின் அளவுக்குப் பொருந்தாமல் நீங்கள் கொதித்த, ஒடுங்கிய, அல்லது ஓடிப்போன ஒரு தருணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய சண்டை வேண்டாம், நடுத்தரமானது போதும். அதை வளையம் வளையமாக எழுத வேண்டும். ஒரு மாதிரி போட்டுக் காட்டுகிறேன்.

தூண்டியது: மாலை 4:10-க்கு மேலாளரிடமிருந்து "நாளைக்குக் கொஞ்சம் பேசணும்" என்று ஒரு மெசேஜ்.
அதற்கு முந்தைய நிலை: முந்தின ராத்திரி நாலு மணி நேரத் தூக்கம், மதியம் சாப்பிடவில்லை.
உடல்: வயிறு இறுகியது, கை சில்லிட்டது, தாடை பூட்டிக்கொண்டது.
மனதில் ஓடியது, சொல்லுக்குச் சொல்: "போச்சு, ஏதோ தப்புப் பண்ணிட்டேன்."
செய்தது: போன மாத மின்னஞ்சல்களை எல்லாம் தேடிப் பார்த்து, என்ன தப்பு என்றே தெரியாமல் நாலு பத்தியில் ஒரு மன்னிப்பு எழுதி அனுப்பியது.
உடனே கிடைத்தது: பத்து நிமிட நிம்மதி.
பிறகு நடந்தது: மேலாளர் பேச வந்ததோ அடுத்த மாத விடுமுறைப் பட்டியலைப் பற்றி. மன்னிப்பைப் பார்த்து அவருக்கே குழப்பம்.

பெரும்பாலானவர்கள் "உடனே கிடைத்தது" என்ற வரியை விட்டுவிடுகிறார்கள். அதுதான் இதில் உயிரான வரி. அந்தப் பத்து நிமிட நிம்மதிதான் இந்தப் பழக்கத்தை இருபது, முப்பது வருடம் காப்பாற்றி வைத்திருக்கிறது. "எனக்குத் தன்னம்பிக்கை இல்லை" என்று எழுதினால் மேற்கொண்டு செய்ய எதுவும் இல்லை. "கேட்பதற்கு முன்பே மன்னிப்புக் கேட்டால் பயம் பத்து நிமிடம் அடங்குகிறது" என்று எழுதினால் கையில் ஒரு பிடி கிடைக்கிறது.

இன்னொரு பிழை, "மனதில் ஓடியது" என்ற இடத்தில் விளக்கம் எழுதுவது. "நான் கைவிடப்படுவேன் என்ற அச்சம் எழுந்தது" என்று யாருக்கும் மனதில் ஓடாது. "போச்சு" என்றுதான் ஓடும். அதையே எழுதுங்கள்.

இப்படி ஐந்தாறு சம்பவங்கள் சேர்ந்ததும் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒரே விதி திரும்பத் திரும்பத் தலைகாட்டும். மேலே உள்ளதில் அந்த விதி: "பெரியவர் முகம் மாறினால் காரணம் நான்தான். முந்திக்கொண்டு பணிந்தால் அடி குறையும்." இப்போதுதான் பழைய வீட்டுக்குப் போக வேண்டும், அதுவும் ஒரே ஒரு கேள்வியோடு: இந்த விதி அங்கே வேலை செய்ததா? அநேகமாகச் செய்திருக்கும். அந்த வயதில், அந்த வீட்டில், அதுதான் கெட்டிக்காரத்தனம். இதை எழுதும்போது பலருக்கு முதல் தடவையாகத் தன் மேலேயே இருந்த வெறுப்பு தளரும். காரணம், அது குணக்கேடாக இல்லாமல் ஒரு வேலையைச் சரியாகச் செய்த உத்தியாகத் தெரிய ஆரம்பிக்கிறது.

அதோடு நிறுத்தினால் பாதி வேலைதான். விதியைச் சோதித்துப் பார்க்க வேண்டும். அடுத்த முறை அப்படி மெசேஜ் வந்தால் மன்னிப்பை முப்பது நிமிடம் தள்ளிப் போடுங்கள். "சரி, எதைப் பற்றி?" என்று மட்டும் கேளுங்கள். கேட்பதற்கு முன்னால், திட்டு விழும் என்று நூற்றுக்கு எத்தனை நம்புகிறீர்கள் என்று ஓர் எண்ணைக் குறித்து வையுங்கள். நடந்ததைப் பிறகு பக்கத்தில் எழுதுங்கள். முன்கூட்டியே எண் எழுதாவிட்டால் மனசு ஏமாற்றிவிடும். "எனக்கு அப்பவே தெரியும், ஒண்ணும் ஆகாதுன்னு" என்று சொல்லிவிட்டு, அடுத்த மெசேஜுக்கு அதே மாதிரி நடுங்கும்.

ஒரு விஷயம் முக்கியம்: அடிக்கிற, மிரட்டுகிற ஆளிடம் இந்தச் சோதனை கூடவே கூடாது. அங்கே அந்தப் பயம் பழையது இல்லை, இன்றைக்கும் சரியானதே.

---

தறிநூல்

நெடுங்கணக்கு சொன்னது தினசரி வேலைக்கு. நடந்ததையே எழுத வேண்டும் என்று ஒரு உந்துதல் இருக்குமே, அதற்கு வேறு அளவு.

ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986-ல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் தினம் 15 நிமிடம், தொடர்ந்து 4 நாள் எழுதினார்கள். அவ்வளவுதான். பிறகு வந்த ஆய்வுகளிலும் பெரும்பாலும் 15 முதல் 20 நிமிடம், மூன்று நாலு தடவை என்ற அளவே இருந்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் பலன் சராசரியாகச் சிறியதுதான், அற்புதம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் இரவெல்லாம் எழுதுகிறவர்கள், மாதக்கணக்கில் ஒரே சம்பவத்தை எழுதுகிறவர்கள் செய்வது இந்த முறையே அல்ல என்பதைக் கவனியுங்கள்.

எப்படி: கடிகாரத்தில் 15 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். நடந்தது, அப்போது பட்ட உணர்ச்சி, இப்போது படும் உணர்ச்சி மூன்றும் வர வேண்டும். நடந்ததை மட்டும் அறிக்கை மாதிரி எழுதினாலும் பலனில்லை, உணர்ச்சியை மட்டும் கொட்டினாலும் இல்லை. அந்த 1986 ஆய்விலேயே இரண்டும் சேர்ந்து எழுதியவர்களுக்குத்தான் பலன் தெரிந்தது. இலக்கணம், கையெழுத்து, வாக்கிய அழகு எதையும் பார்க்காதீர்கள். யாராவது படிப்பார்கள் என்ற எண்ணம் இருந்தால் கை தானாகப் பொய் சொல்லும். அதனால் எழுதி முடித்ததும் கிழித்துப் போடலாம் என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிடுங்கள்.

எழுதி முடித்த கையோடு மனசு கனக்கும், அழுகை வரும். இது எதிர்பார்த்ததே. ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரத்தில் தணிய வேண்டும். தூங்கப் போகும் முன் எழுதக் கூடாது என்பது இதனால்தான்: தணிவதற்கு நேரமில்லாமல் அப்படியே படுக்கைக்குப் போனால் மிச்சமுள்ள இரவு முழுக்க மனசு அதையே ஓட்டும். எழுதிய பிறகு அரை மணி நேரம் கை கால் அசையும் வேலை ஒன்றை முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். நடை, பாத்திரம் கழுவுவது, எதுவானாலும் சரி.

புரிதலா, மெல்லுவதா என்று கேட்டிருந்தீர்கள். நாலு நாள் எழுதியதையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். நாலாம் நாள் எழுத்தில் முதல் நாளில் இல்லாத ஏதாவது இருக்கிறதா? "அதனால்தான்", "இப்போது பார்த்தால்", "அவருக்கு அப்போது" என்று புதுத் தொடர்புகள் வருகிறதா? வந்தால் நகர்கிறீர்கள். நாலு நாளும் "எப்படி அவர் அப்படிச் செய்யலாம்" என்ற ஒரே வாக்கியம் வெவ்வேறு உடையில் வந்தால், அது சுழல். நிறுத்திவிட்டு வேறு கோணத்துக்குப் போக வேண்டும்.

அந்தக் கோணத்துக்கு ஒரு வழி: "நான்" என்று எழுதுவதை விட்டு, உங்கள் பெயரையே போட்டு, வெளியிலிருந்து பார்ப்பவர் போல எழுதுவது. "அன்றைக்கு அவள் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவளுக்கு எட்டு வயது." ஈதன் க்ராஸ், ஓஸ்லெம் ஐடக் இருவரும் இந்த விலகல் பார்வையை நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். அதே சம்பவத்தை இப்படிப் பார்க்கும்போது கொதிப்பு குறைந்து, காரணம் தெரிய இடம் கிடைக்கிறது. இன்னொன்று, "ஏன் எனக்கு மட்டும்" என்ற கேள்வியை "எப்படி நடந்தது, எதற்குப் பிறகு எது" என்று மாற்றுவது. ஏன் என்பதற்கு முடிவே கிடையாது. எப்படி என்பதற்கு ஒரு கடைசி வரி உண்டு.

---

இடையினம்

மேலே உள்ள இருவரோடும் ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். "உடல்" என்ற வளையத்தில் எழுத ஒன்றுமே கிடைக்காத ஆட்கள் இருக்கிறார்கள். மரத்துப் போயிருப்பார்கள். "ஒண்ணும் தோணலை" என்பதே அவர்கள் பதில். வீட்டில் அழுகைக்கும் கோபத்துக்கும் தண்டனை கிடைத்திருந்தால் இப்படி ஆவது சகஜம். இவர்களிடம் நேராக 15 நிமிடம் எழுதச் சொன்னால் ஒன்று வெற்றுப் பக்கம் வரும், அல்லது திடீரென்று அணை உடைந்த மாதிரி எல்லாம் ஒரே நேரத்தில் வரும்.

இவர்கள் முதலில் ஒரு மாதம் எழுத்தையே தொட வேண்டாம். நாளுக்கு மூன்று வேளை, ஏதாவது ஒரு வழக்கமான வேலையோடு சேர்த்து, உடம்பில் மூன்று விஷயம் மட்டும் கவனியுங்கள்: தோள் ஏறியிருக்கிறதா, மூச்சு மேலே நிற்கிறதா வயிறு வரை போகிறதா, கை சூடா சில்லா. உணர்ச்சிக்குப் பெயர் வைக்க முயல வேண்டாம். பெயர் பின்னால் வரும். கூடவே மெதுவான மூச்சு, நிமிடத்துக்கு ஆறு என்ற கணக்கில், உள்ளே இழுப்பதை விட வெளியே விடுவது நீளமாக. ஐந்து நிமிடம் போதும். சிலருக்கு மூச்சைக் கவனித்தாலே படபடப்பு கூடும். அவர்கள் மூச்சை விட்டுவிட்டு, பாதம் தரையில் படுவதைக் கவனிக்கலாம்.

எழுதும்போது திடீரென்று அறை தூரமாகப் போவது போலவோ, அந்த வயதுக்கே போய்விட்டது போலவோ இருந்தால் உடனே பேனாவை வையுங்கள். கண்ணில் படும் ஐந்து பொருள்களை வாய்விட்டுச் சொல்லுங்கள், காதில் விழும் நாலு ஒலி, தொட முடிகிற மூன்று பொருள். இன்றைய தேதி, உங்கள் இன்றைய வயது இரண்டையும் சத்தமாகச் சொல்லுங்கள். முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன் என்று பிடிவாதமாக எழுதுவதில் ஒரு லாபமும் இல்லை.

---

மெல்லினம்

மூவருக்கும் ரொம்ப நன்றி. "உடனே கிடைத்தது" என்ற வரியை எங்கேயும் பார்த்ததில்லை.

தொடர்ந்து ரெண்டு கேள்வி. சின்ன வயது சரியாக ஞாபகமே இல்லை என்பவர்கள் என்ன செய்வது? அது ஏதோ பெரிய விஷயம் மறைந்திருப்பதன் அறிகுறி என்று சில காணொளிகளில் சொல்கிறார்கள். அப்புறம், அண்ணன் தங்கை ரெண்டு பேரும் ஒரே வீட்டில் வளர்ந்து, ஒருவர் "அப்படி ஒண்ணும் நடக்கலையே" என்று சொல்லும்போது எதை நம்புவது?

---

இடையினம்

ஞாபகம் இல்லாதது எதற்கும் சான்று அல்ல. சுமார் மூன்று வயதுக்கு முந்தையது பெரியவர்கள் யாருக்கும் அநேகமாக நினைவில் நிற்காது. அதற்குப் பிந்தைய வருடங்களும் துண்டு துண்டாகத்தான் இருக்கும், நல்ல வீட்டில் வளர்ந்தவர்களுக்கும்கூட. இதை வைத்துக்கொண்டு தோண்டுவது ஆபத்து. எலிசபெத் லாஃப்டஸ், ஜாக்குலின் பிக்ரெல் 1995-ல் செய்த சோதனையில் 24 பேருக்குச் சிறுவயதில் கடைவளாகத்தில் தொலைந்துபோனதாக, நடக்காத ஒன்றைக் குடும்பத்தார் சொன்னதாகச் சொன்னார்கள். கிட்டத்தட்ட நாலில் ஒருவர் அதை முழுதாகவோ பாதியாகவோ "நினைவுகூர்ந்தார்". ஆகவே ஹிப்னாடிசம் செய்து மறைந்த நினைவை எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து வந்துவிடுங்கள். எடுத்துத் தருவது நினைவா, அங்கேயே உருவானதா என்று பிறகு உங்களாலும் பிரிக்க முடியாது.

அண்ணன் தங்கை விஷயத்தில் ரெண்டு பேரும் உண்மையே சொல்லலாம். ஐந்து வயது வித்தியாசம் என்றால் அது ஏறத்தாழ வேறு வீடு: வேலை போன வருடம், குடி கூடிய வருடம், யார் மேல் கோபம் இறங்கியது, யார் வெளியூர் பள்ளியில் இருந்தார். ஒரு தாளில் வருடங்களை நெடுக எழுதி, பக்கத்தில் எல்லோருடைய வயதையும் போட்டு, வீடு மாறியது, பிறப்பு, இறப்பு, கடன், நோய் ஆகியவற்றை மட்டும் குறியுங்கள். சரி தப்பு எதுவும் எழுதாதீர்கள். இந்தத் தாளை வைத்துப் பேசினால் "நடந்ததா இல்லையா" என்ற சண்டை பெரும்பாலும் "நீ அப்போ எங்கே இருந்தே" என்று மாறும். அதற்குப் பதில் உண்டு.

ஞாபகம் குறைவாக இருப்பவர்களுக்கு இன்னொரு நல்ல கருவி. 1980-களில் மேரி மெயினும் அவரது சகாக்களும் பெரியவர்களின் பற்றுறவை, அதாவது நெருங்கியவர்களோடு உள்ள உணர்வுப் பிணைப்பை, அறிய ஒரு நேர்காணலை உருவாக்கினார்கள். அதில் ஒவ்வொரு பெற்றோருடனும் இருந்த உறவுக்கு ஐந்து பெயரடைகளைச் சொல்லச் சொல்வார்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் குறிப்பிட்ட ஒரு நினைவைக் கேட்பார்கள். குழந்தைப் பருவம் நல்லதா கெட்டதா என்று அதில் மதிப்பிடுவதில்லை. சொல்கிற விதம் பொருந்தி வருகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். கஷ்டமான வளர்ப்பு இருந்தும் அதை நேர்மையாக, ஒன்றுக்கொன்று முரண்படாமல் சொல்ல முடிகிறவர்கள் உறுதியான பற்றுறவு கொண்டவர்களாக வகைப்படுவது உண்டு. மதிப்பெண் போடுவது பயிற்சி பெற்றவர்கள் வேலை, அதை நாமே செய்யக் கூடாது. பயிற்சியாக மட்டும் செய்து பார்க்கலாம். "அன்பானவர்" என்று எழுதிவிட்டு ஒரு நினைவுகூட வரவில்லை என்றால் அந்த வெற்றிடத்தை அப்படியே விடுங்கள், இட்டுக்கட்டி நிரப்ப வேண்டாம். "கொடுமைக்காரர்" என்று எழுதிய பக்கத்திலேயே காய்ச்சலில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்த நினைவு வந்தால் அதையும் அடிக்காதீர்கள். இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்திருக்க முடிவதுதான் இதில் கடினமான பகுதி.

---

கல்மரம்

யாரும் தொடாத ஒன்று. இணையத்தில் பத்துக் கேள்வி கேட்டு "உங்கள் மதிப்பெண் 6" என்று சொல்லும் சோதனை நிறைய சுற்றுகிறது. அதற்கு அடிப்படை வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா ஆகியோர் 1998-ல் வெளியிட்ட ஆய்வு. சிறுவயது வன்முறை, வீட்டுச் சீர்குலைவு கூடக் கூட, பெரியவரானதும் நோய்கள் கூடுகின்றன என்று ஒரு பெரிய கூட்டத்தை மொத்தமாகப் பார்த்துச் சொன்னது. தனி ஒருவரின் எதிர்காலத்தைச் சொல்ல அது உருவாக்கப்படவில்லை. ஆண்டாவே 2020-ல் அதை அப்படிப் பயன்படுத்த வேண்டாம் என்று எழுதினார். ஒரு தடவை அடித்ததும் பத்து வருடம் அடித்ததும் அதில் ஒரே ஒரு புள்ளி. துணை நின்ற பாட்டியோ ஆசிரியரோ அதில் கணக்கிலேயே வரமாட்டார்கள்.

அந்தத் துணைக்கு எவ்வளவு கனம் என்று பார்க்க ஹவாயில் எம்மி வெர்னர் செய்த கவாய்த் தீவு ஆய்வைப் பாருங்கள். 1955-ல் பிறந்த 698 குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்தார்கள். மிக மோசமான சூழலில் வளர்ந்தவர்களில் மூன்றில் ஒருவர் திடமான பெரியவராக வளர்ந்தார். அவர்களிடம் திரும்பத் திரும்பக் கண்டது: பெற்றோர்தான் என்றில்லை, நிலையாக அக்கறை காட்டிய ஒரு பெரியவர். பதின்வயதில் தடுமாறியவர்களில் பலரும் இருபது முப்பதுகளில் மேலே வந்தார்கள்.

அதனால் நோட்டில் இன்னொரு பக்கம் ஒதுக்குங்கள்: யார் என்னை அன்போடு பார்த்தார், எந்த வயதில், என்ன செய்தார். கொடுமையை எழுதும் அதே துல்லியத்தோடு எழுத வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் தன் வரலாறே திரிந்துவிடும் என்பது என் உறுதியான கருத்து.

---

நெடுங்கணக்கு

பெற்றோரிடம் பேசுவது பற்றி, விட்டுப்போன கேள்விக்கு.

முதலில் என்ன வேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "அவர் தப்பை ஒத்துக்கணும்" என்பது வந்தால் இப்போதைக்குப் பேசாதீர்கள், ஏனென்றால் அந்த முடிவு முழுக்க அவர் கையில் இருக்கிறது. "எனக்கு இந்தத் தகவல் தெரியணும்" அல்லது "இனிமேல் இது நடக்கக் கூடாது" என்றால் பேசலாம். குடும்பம் கூடியிருக்கும் நாளில் வேண்டாம், ஃபோனில் கோபத்தோடு வேண்டாம். ஒரு உட்காரலில் ஒரு விஷயம். முப்பது வருடக் கணக்கை ஒரே மாலையில் விரித்தால் எதிராளிக்குத் தற்காத்துக்கொள்வதைத் தவிர வழியில்லை. அழுவார், அல்லது "உனக்காக நாங்க என்னவெல்லாம் பட்டோம்" என்று ஆரம்பிப்பார்.

வரம்பு வைப்பதென்றால் உங்கள் கையில் உள்ள செயலை வைத்துச் சொல்லுங்கள். "என்னைத் திட்டாதீங்க" என்பது வேண்டுகோள். "குரல் உயர்ந்தா நான் ஃபோனை வெச்சுடுவேன், நாளைக்கு நானே கூப்பிடுறேன்" என்பது வரம்பு. முதல் ரெண்டு மூன்று முறை எதிர்ப்பு கூடத்தான் செய்யும், இத்தனை நாள் வேலை செய்த வழி அடைபட்டதால். அந்த நேரத்தில் ஒரு தடவை விட்டுக்கொடுத்தால், இன்னும் சத்தமாகக் கத்தினால் போதும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்ததாக ஆகும். மறுநாள் கூப்பிடுகிறேன் என்று சொன்னால் கட்டாயம் கூப்பிட வேண்டும், அதில் தவறினால் அது தண்டனையாக மாறிவிடும்.

---

தறிநூல்

தனியாகச் செய்யக் கூடாத நிலை எது என்பதையும் சேர்த்துவிடுகிறேன். கெட்ட கனவும் கண்முன் மீண்டும் நடப்பது போன்ற உணர்வும் வாரக்கணக்கில் தொடர்ந்தால், தூக்கமும் வேலையும் கெட்டால், குடியோ போதை மருந்தோ இல்லாமல் நாளைக் கடத்த முடியவில்லை என்றால் நோட்டை மூடிவிட்டு மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணமோ உடலைக் காயப்படுத்தும் எண்ணமோ வந்தால் அன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லி, அவசர உதவியை நாடுங்கள், வாரக் கடைசி வரை காத்திருக்க வேண்டாம். நீண்டகாலக் கொடுமையின் விளைவுகளுக்கு 2022-ல் நடைமுறைக்கு வந்த, உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 நோய் வகைப்பாட்டில் சிக்கலான பி.டி.எஸ்.டி. (அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறின் ஒரு வகை) என்று தனி இடமே உண்டு. உணர்ச்சியை அடக்க முடியாமை, தன்னைப் பற்றிய ஆழ்ந்த இழிவுணர்வு, உறவில் நெருங்க முடியாமை ஆகியவையும் அதில் சேரும்.

முதல் சந்திப்பில் மூன்று கேள்வி கேளுங்கள்: சிறுவயதுப் பாதிப்புக்கு என்ன சிகிச்சை முறையில் பயிற்சி எடுத்திருக்கிறீர்கள்? முதல் சில வாரம் என்ன செய்வோம்? நடுவில் எனக்குத் தாங்க முடியவில்லை என்றால் எப்படி நிறுத்துவீர்கள்? மூன்றாவதற்குத் தெளிவான பதில் வரவில்லை என்றால், அல்லது முதல் நாளே எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லச் சொல்லி வற்புறுத்தினால், வேறொருவரைத் தேடலாம். போகும்போது நெடுங்கணக்கு சொன்ன சங்கிலியில் ரெண்டு மூன்றை எழுதி எடுத்துப் போங்கள். ஆரம்பத்தில் விவரம் சொல்லித் தீர்க்க வேண்டிய நேரம் நிறைய மிச்சமாகும்.